ஒற்றைக் காலில் ஓடுபவன் மூன்றாம் முறையாகக் கழன்றுவிட்டான்

அரைக்கண்ணாடி:
54 மி.மீ. உயரப் பொம்மை, வெள்ளீயக் கலவை வார்ப்பு. நெப்போலியன் போர்க் காலத்து பிரிட்டிஷ் 95ஆம் ரைஃபிள் படை வீரன். அந்தக் காலத்து பிரிட்டிஷ் காலாட்படை என்றாலே சிவப்புச் சட்டைதான் நினைவுக்கு வரும், இவனுக்குக் கரும்பச்சை. அந்தப் பச்சைக்கு மட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறேன்.

சிக்கல் அவன் நிற்கும் விதத்தில். நிற்கவில்லை, பேக்கர் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். வலது காலின் முன்பாதம் மட்டும் தரையில் படுகிறது, அதுவும் ஒரு மிளகு அளவுக்கு. பீடம், ரெசின் என்கிற பிளாஸ்டிக்கில் வார்த்த கல் பாவிய தெரு. அதற்கும் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டேன்.

உடனடிப் பசையில் ஒட்டியது பத்து நாள் தாங்கியது. இரண்டாம் முறை பசையைத் தாராளமாக விட்டேன். கறுப்புக் காலணியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து, விபூதி பூசியதுபோல் ஆகிவிட்டது. மூன்றாம் முறை ஒட்டி, நண்பரிடம் காட்ட ஸ்கூட்டரில் கொண்டுபோனேன். வழியில் ஒரே ஒரு வேகத்தடை. பெட்டியைத் திறந்தால் தெரு இருக்கிறது, ஆள் இல்லை. மூலையில் துப்பாக்கி முனை வளைந்து குப்புறக் கிடக்கிறான்.

பெயிண்ட் கெடாமல் நிரந்தரமாகப் பொருத்த வழி உண்டா?

தூரிகைவால்:
பசை விட்ட இடத்தில் சமையல் சோடா தூவுங்கள். நொடியில் கல்லாக இறுகிவிடும்.

பழைய அரம்:
சோடா வேண்டாம் ஐயா. கல்லாக இறுகும் என்பது சரி. ஒரு தட்டுத் தட்டினால் கல்போலவே உடையும்.

முதலில் ஆளைக் கவிழ்த்து, பாதத்தின் அடியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். தெருவின் சாம்பல் நிறம் அங்கே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா? வந்திருந்தால் பசையைத் திட்டாதீர்கள். அது பெயிண்டை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. பெயிண்ட்தான் ரெசினைப் பிடிக்கவில்லை. ஒட்டும் இரண்டு இடங்களிலும் பெயிண்டைச் சுரண்டி, வெறும் உலோகமும் வெறும் ரெசினும் தெரிய வேண்டும். பாதத்துக்கு அடியில் மறைகிற இடம்தானே, மனதைக் கல்லாக்கிக்கொண்டு சுரண்டுங்கள்.

அதை மட்டும் செய்தாலும் உங்கள் ஆள் நிற்க மாட்டான். உடனடிப் பசை நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் விட்டுவிடும். முன்னால் சாய்ந்து ஓடுகிறவனுக்கு ஒவ்வொரு வேகத்தடையும் கடப்பாரை போட்டு நெம்புவதற்குச் சமம். உள்ளே கம்பி இறக்கியே ஆக வேண்டும்.

நகைப் பட்டறைக்குக் கருவி விற்கும் கடைகளில் பின் வைஸ் என்கிற கை டிரில் கிடைக்கும். 0.8 மி.மீ. பிட்டும் அதே தடிமனில் பித்தளைக் கம்பியும் வாங்குங்கள். ஆளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பாதம் மட்டும் வெளியே தெரியும்படி பிடியுங்கள். ஊசியால் ஒரு குழி குத்திவிட்டுத் தொடங்கினால் பிட் வழுக்காது. விரலால் மெதுவாகத் திருகுங்கள். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடையுங்கள். வெள்ளீயம் மென்மையானது, பிசினாகச் சுற்றிக்கொண்டு பிட்டை முறித்துவிடும். பிட்டின் நுனியில் மெழுகுவர்த்தியை ஒருமுறை தேய்த்துக்கொண்டால் நல்லது. பாதத்திலிருந்து கணுக்கால் நோக்கி ஐந்து மில்லிமீட்டர் போதும்.

கம்பியைப் பாதத்தில் அரால்டைட் பசை வைத்து இறக்கி ஒரு நாள் விடுங்கள். பிறகு கம்பியின் நுனியில் ஒரு சொட்டு ஈரப் பெயிண்ட் தொட்டு, ஆள் நிற்க வேண்டிய இடத்தில் லேசாகத் தொட்டு எடுங்கள். புள்ளி விழும். அங்கே பீடத்தை மறுபக்கம் வரை துளையுங்கள், 1.2 மி.மீ. பிட்டால். துளை சற்றுப் பெரிதாக இருந்தால்தான் ஆளின் சாய்வைத் திருத்த முடியும். இடைவெளியை அரால்டைட் நிரப்பிக்கொள்ளும். கம்பியை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். பசையை அடியிலிருந்து கொடுங்கள், தெருவில் ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை மடக்கி, எம்-சீல் வைத்து மூடிவிடுங்கள்.

அடுத்த ஆளுக்குக் கம்பியைப் பெயிண்டுக்கு முன்பே இறக்குங்கள். அதையே ஒரு தக்கையில் குத்தினால் பெயிண்ட் அடிக்கப் பிடியும் ஆயிற்று.

உப்புத்தாள்:
ஒன்று விட்டுப்போயிற்று. ரெசின் வார்ப்பின் மேல் அச்சிலிருந்து கழற்றப் பூசும் எண்ணெய்ப்பசை மிச்சம் இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவாமல் பெயிண்ட் அடித்திருந்தால், அது தோல் மாதிரி உரியத்தான் செய்யும். ரெசினைத் துளைக்கும்போது முகக்கவசம் போடுங்கள், இடத்தை ஈரமாக வைத்திருங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

அரைக்கண்ணாடி:
பழைய அரம் அண்ணா, பாதத்தின் அடியைப் பார்த்தேன். ஒரு கல்லின் மேல்தோல் முழுசாக அதில் ஒட்டியிருக்கிறது, சந்தில் நான் வரைந்த பாசி உட்பட. ஒரு வருடமாகப் பசையை மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறேன். பீடத்தைக் கழுவினேனா என்று கேட்காதீர்கள்.

இரண்டு பிட் முறிந்தன. மூன்றாவது, கணுக்காலின் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டது. எம்-சீலில் ஒரு கடுகளவு எடுத்து அடைத்து, மேலே கறுப்பு அடித்துவிட்டேன். அங்கே காலுறை மடிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் சொன்னபடி கம்பியை அடியில் மடக்கி மூடி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் இருந்தேன். அதுதான் இருப்பதிலேயே கடினம்.

இன்று காலை பீடத்தைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆள் அசையவில்லை. இடுப்பில் தொங்கிய தண்ணீர்க் குடுவை மேசையில் விழுந்து உருண்டுவிட்டது. அரிசி அளவு இருக்கிறது, அதில் எந்தப் பிட்டை இறக்குவது?