இட எண்களின் கூட்டுத்தொகை 16 வந்தும் விடை ஏன் 17? (ஐ.யு.பி.ஏ.சி., அதாவது பன்னாட்டு வேதியியல் ஒன்றியத்தின் பெயரிடும் முறை)

இளவேனில்
இரண்டு கணக்குகளில் விடை இடிக்கிறது. படத்தில் ஐந்து கார்பன் நேர்க்கோட்டில் இருக்கிறது, இரண்டாவதில் எத்தில் (இரண்டு கார்பன் கிளை). எனக்கு 2-எத்தில்பென்டேன் என்று வருகிறது, புத்தகத்தில் 3-மெத்தில்ஹெக்சேன். அடுத்தது, பத்து கார்பன் சங்கிலியில் மூன்று மெத்தில் (ஒரு கார்பன் கிளை). கிளைகள் இருக்கும் இட எண்கள் ஒரு முனையிலிருந்து 2,7,8, மறுமுனையிலிருந்து 3,4,9. கூட்டினால் 17, 16. குறைந்த கூட்டுத்தொகைதானே எடுக்கணும்? விடை 2,7,8-டிரைமெத்தில்டெக்கேன் என்கிறது.

கரிமச்சங்கிலி
புத்தக விடை இரண்டுமே சரி.

நேர்க்கோட்டில் வரைந்திருப்பதுதான் முதன்மைச் சங்கிலி (பெயருக்கு அடிப்படையான சங்கிலி) என்று எந்த விதியும் இல்லை; இங்கே மிக நீளமானதுதான் அது. எத்திலின் நுனியிலிருந்து எண்ணிப் பாருங்கள்: எத்திலில் 2, கிளை இருக்கும் கார்பன் 1, வலப்பக்கம் 3. மொத்தம் ஆறு. மிஞ்சுவது ஒரு மெத்தில், அது மூன்றாம் இடத்தில்.

ஆல்கேன்களுக்கு (கார்பன்களிடையே ஒற்றைப் பிணைப்பு மட்டுமே உள்ளவை) ஒரு விரைவுச் சோதனை: கிளையில்லாத பதிலியின் (சங்கிலியில் ஒட்டியிருக்கும் தொகுதியின்) கார்பன் எண்ணிக்கை அதன் இட எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் பெயர் தப்பு. ஏனென்றால் 2-ஆம் இடத்துக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு கார்பன்தான்; எத்தில் வழியே போனால் இரண்டு கிடைக்கிறது. அதனால் 1-மெத்தில், 2-எத்தில், 3-புரப்பைல் எதைக் கண்டாலும் மறுபடி எண்ணுங்கள்.

இரண்டாவது கணக்கில் கூட்டவே கூடாது. இட எண்களை ஏறுவரிசையில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்; முதலில் எங்கே வேறுபடுகிறதோ அங்கே சிறியது வெல்லும். 2-க்கும் 3-க்கும் இடையிலேயே தீர்ப்பு முடிந்தது. பல கணக்குகளில் இரண்டு வழியும் ஒரே விடை தருவதால்தான் கூட்டுத்தொகைக் குறுக்குவழி பிழைத்துக் கிடக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

இளவேனில்
புரிந்தது, நன்றி. மூன்று கார்பன், ஒரு முனையில் புரோமின், மறுமுனையில் குளோரின் என்றால்? எப்படி எண்ணினாலும் 1,3தான்.

கரிமச்சங்கிலி
சமன் ஆனால் ஆங்கில அகரவரிசையில் முந்துவதற்கு 1. எனவே 1-புரோமோ-3-குளோரோபுரப்பேன். தமிழில் எழுதும்போது ‘கு’ முந்துகிறதே என்று மாற்றிவிடாதீர்கள். டை, டிரை போன்றவை இந்த வரிசையில் கணக்கில்லை: 4-எத்தில்-2,2-டைமெத்தில்ஹெக்சேன்.

வேதிக்கூடம்
மேலே சொன்ன சோதனையை ஆல்கீன்களுக்கு (கார்பன்களிடையே இரட்டைப் பிணைப்பு உள்ளவை) கொண்டுபோக வேண்டாம். ஆறு கார்பன் சங்கிலியின் மூன்றாம் கார்பனில் இரட்டைப் பிணைப்பால் ஒரு கார்பன் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விதிப்படி முதன்மைச் சங்கிலிக்குள் இரட்டைப் பிணைப்பு இருந்தாக வேண்டும், பெயர் 2-எத்தில்பென்ட்-1-ஈன். ஐ.யு.பி.ஏ.சி.யின் 2013 பரிந்துரைகளில் நீளத்துக்கே முதலிடம், பெயர் 3-மெத்திலிடீன்ஹெக்சேன். பாடநூல்கள் பலவற்றில் பழையதே இருக்கிறது, ஆகவே தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் நூல் எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.