தேவாரம் பாடாத பிள்ளை எங்க நிக்கிறது? (உங்கட அனுபவத்தையும் எழுதுங்க)

படுவான்கரை ரீச்சர்:

நான் சங்கீத ரீச்சர். தினமும் குருக்கள்மடத்தில பாதை (மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி அம்பிளாந்துறைப் பக்கம் போய்ப் படிப்பிக்கிறன். பாடசாலையின்ட பேர் வேணாம்.

ஏழாம் வகுப்பில ஒரு பொடியன். குரல் எண்டா குரல்தான். மேல்ஸ்தாயி சட்ஜத்தில சும்மா போய்க் குந்திக்கொண்டு இறங்க மாட்டான். கோட்டமட்டப் பண்ணிசைப் போட்டிக்கு ஆள் தேடிக்கொண்டு இருந்தன், இவனைத்தான் பிடிச்சன். குடும்பம் கிறிஸ்தவ சபைக்குப் போற குடும்பம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பிடிச்சன், பொய் சொல்லல்ல. நம்மட பாடசாலைக்கு ஒரு சேட்டிபிகேட் வரட்டும் எண்ட ஆசை.

அவன்ட அம்மா வந்தா. சண்டைக்குத்தான் வாறா எண்டு நினைச்சன். "மிஸ், அவன் பாடட்டும். பாட ஆசைப்படுறான். திருநீறு மட்டும் பூசாதீங்க" எண்டு சொல்லிப்போட்டு, கொண்டு வந்த முருங்கைக்காயை மேசையில வச்சிட்டுப் போயிற்றா. அவ்வளவுதான் கதை எண்டு நானும் சந்தோசப்பட்டன்.

நட்டபாடைப் பண்ணில ஒரு தேவாரம் பழக்கிக்கொண்டு இருந்தன். ராகம் சரி, தாளம் சரி, ஆனா வெறுமையா இருக்கு. "மனே, சொல்லை உணர்ந்து பாடு. நீயே நேர நிண்டு சொல்ற மாதிரி இருக்கணும்" எண்டன். அவன் நிப்பாட்டிட்டான். சுருதிப்பெட்டி மட்டும் ஓடுது. பொறகு கேட்டான்: "மிஸ், இதில நான், என்ட எண்டு வாற இடத்தில நான் பாடினா அது பொய்யா?"

"இது பாட்டுத்தானேடா" எண்டு சொல்ல வாயெடுத்தன். சொல்ல ஏலாமப் போச்சு. ஒரு நிமிசத்துக்கு முதல் உணர்ந்து பாடு எண்டு சொன்னதும் நான்தானே. வெறும் பாட்டு எண்டா உணரத் தேவையில்ல. உணரத்தான் வேணும் எண்டா அது வெறும் பாட்டு இல்ல. ரெண்டையும் ஒரே வாயால ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு எப்பிடிச் சொல்ற?

உங்களுக்கு இப்பிடி நடந்திருக்கா?

காத்தான்குடிப் பொடியன் (இப்ப தலை நரைச்ச பொடியன்):

ரீச்சர், நான் உயர்தரம் கணிதப் பிரிவு படிச்சது ஒரு தமிழ்ப் பாடசாலையில. எங்கட வகுப்பில நாங்க மூணு பேர்தான் முஸ்லிம். காலைக்கூட்டத்தில ஒருத்தரும் எங்களைப் பாடச் சொன்னதில்ல. சும்மா நிண்டா போதும்.

பகிடி என்னெண்டா, என்னை மாணவத் தலைவன் ஆக்கிப் போட்டாங்க. செவ்வாய்க்கிழமை மைக்குக்குப் பக்கத்தில என்ட முறை. "இப்போது தேவாரம்" எண்டு அறிவிக்கிற வேலை. ரெண்டு வருஷம் அறிவிச்சன். அறிவிச்சிட்டு ஒரு எட்டுப் பின்னால போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிப்பன். ஒரு நாள் பாடுற பிள்ளைக்கு முதல் அடி மறந்து போச்சு. முழுக் கூட்டமும் முழிக்குது. நான் பின்னால நிண்டு மெல்ல அடி எடுத்துக் குடுத்தன். ரெண்டு வருஷம் கேட்டா கல்லுக்கும் பாடம் ஆகுமே. முன்வரிசையில ஒரு சிரிப்பு! அதிபரும் மற்றப் பக்கம் திரும்பிச் சிரிச்சார்.

வீட்ட போய் வாப்பாக்குச் சொல்லல்ல. உம்மாக்குச் சொன்னன். "வாப்பாக்குச் சொல்லாத" எண்டா. வாணி விழாக் கடலைக்கும் அதே பதில்தான், தின்னுப்போட்டு வாயைத் துடைச்சிட்டு வா எண்டு.

ஓய்வுபெற்ற ஆள், கல்லடி:

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான் ஆரம்ப வகுப்புப் படித்தது கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில். அப்போது அது பாதிரிமாரின் நிர்வாகம். ஞானோபதேச வகுப்புக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள், எங்களை வாகை மரத்தடிக்கு அனுப்புவார்கள். மரத்தடியில் இருந்தாலும் காது மூடியா இருக்கும்? லத்தீன் பாட்டுகள் சில இன்றைக்கும் அர்த்தம் தெரியாமலே எனக்கு வரும். நடக்கப் போகும்போது முணுமுணுப்பேன். மனிசி ஏசுவா.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தோடு அரசாங்கம் பள்ளிக்கூடங்களைப் பொறுப்பேற்றது. கிறிஸ்தவ மிஷன்களுடையது மட்டுமல்ல, இராமகிருஷ்ண மிஷன் பள்ளிக்கூடங்களும் போயின. அதற்குப் பிறகுதான் எங்கள் பள்ளிக்கூடத்தில் தேவாரம் முன்னுக்கு வந்தது. ஊர் முழுக்கச் சந்தோசம். நானும் கைதட்டினேன். வாகை மரத்தடிக்கு இப்போது வேறு பிள்ளைகள் போகிறார்கள் என்று அந்த நேரம் நினைத்துப் பார்க்கவில்லை.

இன்னொன்று. விபுலாநந்த அடிகள் காரைதீவில் 1892இல் பிறந்தவர். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். மெதடிஸ்தமும் கத்தோலிக்கமும் படிப்பித்த பிள்ளைதான் பிறகு துறவியாகி, பண்களையும் யாழையும் ஆராய்ந்து 1947இல் யாழ்நூல் தந்தார். இதை நான் எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாகச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் இழுப்பார்கள் என்று தெரியும்.

சட்டம் படிக்கிற தங்கச்சி:

ரீச்சர், இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையைப் பாருங்க. சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் எல்லாருக்கும் உண்டு. 14ஆம் உறுப்புரையில வாற வழிபடுற சுதந்திரத்துக்குச் சட்டத்தால வரையறை போடலாம், 10க்கு ஏலாது. அப்ப அந்தப் பிள்ளையைக் கட்டாயப்படுத்த முடியாது.

படுவான்கரை ரீச்சர்:

தங்கச்சி, நான் கட்டாயப்படுத்தவே இல்லையே. அதுதான் சிக்கல். அவன் விரும்பித்தான் பாடினான். எங்கட ஊரில கட்டாயம் எண்டது அடிச்சு வாறதில்ல, "நீ நல்லாப் பாடுவாய்" எண்டு தட்டிக்குடுத்துத்தான் வரும்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவன்:

நான் சொல்லப்போறது வேற கதை. நாங்க சைவம்தான், எனக்கே இடம் கிடைக்கல்ல.

எங்கட அப்பப்பா கண்ணகை அம்மன் கோயில்ல உடுக்கு அடிச்சுப் பாடுற ஆள். வைகாசிச் சடங்கு வந்தா வீட்டில மச்சம் மாமிசம் இல்ல, இரவு இரவா கண்ணகி வழக்குரை படிப்பாங்க, கடைசி நாள் அம்மனைக் குளிர வைக்கிற குளிர்த்திப் பாட்டு. எனக்கு அந்த மெட்டுத்தான் சாமி. பத்தாம் வகுப்பில பாடசாலையில ஒரு சமய நிகழ்ச்சிக்கு ஆள் கேட்டாங்க. நான் உடுக்கோட போய் நிண்டன். சமயபாட சேர் பார்த்திட்டு, "தம்பி, அது கோயிலோட நிக்கட்டும். பஞ்சபுராணம் தெரியுமா?" எண்டார். அது தேவாரத்தில தொடங்கி அஞ்சு திருமுறைப் பாட்டு. தெரியாது. புத்தகத்தைப் பார்த்து ஒரு பிள்ளை பாடிச்சு.

கோவத்தோட வந்து அப்பப்பாட்டச் சொன்னன். அவர் வெத்திலையைத் துப்பிப்போட்டு, சேர் சொன்னது சரி எண்டார்! "குளிர்த்தி கண்ட இடத்தில பாடுற சாமானாடா? கோயில் கதவு திறந்தாத்தான் பாடலாம்." சேருக்கு அது பாடப்புத்தகத்தில இல்லாத நாட்டுப்புறச் சங்கதி. அப்பப்பாக்கு அது பாடசாலைக்குக் கொண்டுபோக ஏலாத அளவு பெரிய சங்கதி. நான் நடுவில உடுக்கோட.

ஓ.எல் (சாதாரண தரம்) சோதனையில சைவநெறிப் பாடத்துக்கு ஏ. குளிர்த்தியைப் பற்றி ஒரு வரி எழுதின ஞாபகம் எனக்கில்ல.

சம்மாந்துறை மிஸ்:

நான் முஸ்லிம் பாடசாலையில படிப்பிக்கிறன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் அழகியல் பாடம் கட்டாயம். ஆனா எங்கட பாடசாலையில அழகியல் எண்டா சித்திரம். சங்கீதத்துக்கு ஆளும் இல்ல, கேக்கிற பெற்றாரும் இல்ல. பாட ஆசையுள்ள புள்ளைக்கு மீலாத் விழாவில ஒரு கீதம், அவ்வளவுதான். எங்கட மூத்தம்மா காலத்தில நோன்பில றபான் அடிச்சுப் பாடித் திரிஞ்சிருக்காங்க. இப்ப றபான் எண்டு சொன்னாலே நாலு பேர் நாலு விதமாக் கதைப்பாங்க. போன வருஷம் ஒரு புள்ள கீதம் பாட வந்தது. மூணு நாள் பழகினா, நாலாம் நாள் வாப்பா வந்து வயசுக்கு வந்த புள்ள மைக்கில பாட வேணாம் எண்டு கூட்டிட்டுப் போயிட்டார். அவ விழா அண்டு எல்லாருக்கும் சர்பத் ஊத்திக் குடுத்தா. சொல்லு முழுக்கப் பாடமா இருந்தது அவவுக்கு, உதடு அசையிறதை நான் பார்த்தன்.

ஆரையும் குறை சொல்ல இதை எழுதல்ல. ரீச்சர்ட பொடியன்ட கேள்வியை வாசிச்சதும் அந்தப் புள்ளதான் ஞாபகம் வந்தா.

காத்தான்குடிப் பொடியன்:

ரீச்சர், அந்தப் பொடியன் என்ன ஆனான்? போட்டிக்குப் போனானா?

படுவான்கரை ரீச்சர்:

போனான். வெறும் நெத்தியோட போனான். நடுவர் ஒருத்தர் பாட முதலே "திருநீறு இல்லையா?" எண்டு கேட்டார். பொடியன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தன். அதைத்தான் இண்டைக்கும் நினைச்சு நினைச்சு வெட்கப்படுறன். ரெண்டாம் இடம். நெத்திக்குப் புள்ளி வெட்டினாங்களா, இல்லாட்டி அவன்ட குரல் அண்டைக்கு உள்ளுக்க போயிற்றா, தெரியாது. எனக்குக் கேட்டது ரெண்டாவதுதான்.

பொறகு ஒரு உபாயம் செஞ்சன். காலைக்கூட்டத்தில சுருதிப்பெட்டியை அவன்ட கையில குடுத்தன். பாட வேணாம், சுருதி மட்டும். கொஞ்ச நாள் நல்லாப் போச்சு. சபையில ஆரோ அதுவும் உடந்தைதான் எண்டு சொல்லிட்டாங்க. இப்ப தேவாரம் தொடங்கினா அவன் தண்ணி டாங்கிக்குப் பக்கத்தில போய் நிக்கிறான். முடிஞ்சதும் வந்து வரிசையில சேருவான். எல்லாப் பிள்ளையும் திரும்பிப் பார்க்கும்.

சங்கீத பாடத்தை மட்டும் விடல்ல. அதுக்குள்ள சாமி இல்லையா எண்டு கேக்காதீங்க. நாங்க படிப்பிக்கிற முதல் கீதமே பிள்ளையார் மேலதான். அதை எப்பிடியோ பாடுறான். கேட்டா, "அது பாசை விளங்கல்ல மிஸ், அதால பரவாயில்ல" எண்டு சொல்றான்.

நாளைக்குத் திங்கள். 7.30க்குக் கூட்டம். அவன் டாங்கிக்குப் போகாம இருக்க ஒரு வழி சொல்லுங்க. சட்டம் வேணாம்.

காத்தான்குடிப் பொடியன்:

மைக்கக் குடுங்க ரீச்சர். "இப்போது தேவாரம்" எண்டு சொல்லிட்டு ஒரு எட்டுப் பின்னால நிக்கட்டும். முதல்ல அம்மாட்டயும் அவன்டயும் கேட்டுக்கொள்ளுங்க. அடி மறந்தா எடுத்துக் குடுப்பான், அதை மட்டும் சபைக்குச் சொல்ல வேணாம். இஷாக்கு நேரமாச்சு, பொறகு வாறன்.