வற்றாப்பளைக்குப் போகும் வழியில் நின்ற மொறிஸ் மைனர்

வைகாசிப் பொங்கலுக்காகக் கிளிநொச்சியிலிருந்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் புறப்பட்ட எங்கள் மொறிஸ் மைனர் 1000 கார், முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்துவிட்டுக் கிளம்பும்வரை சீராகவே ஓடியது. மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வீதியில் சிறிது தூரம் சென்றதும் எஞ்சின் உதறத் தொடங்கி, இழுவை குறைந்து, பின்பு முற்றாக நின்றுவிட்டது. மரநிழலில் அரை மணி நேரம் ஆறவிட்ட பின் உடனே ஸ்ரார்ட் ஆனது. ஆனால் மீண்டும் சூடேறியதும் அதே நிலைதான். கோயிலைச் சென்றடைவதற்குள் மூன்று முறை நின்றோம்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், வன்னியில் ஓடிய மற்றப் பழைய கார்களைப் போலவே இதுவும் சிறிதளவு பெற்றோலில் ஸ்ரார்ட் செய்யப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி. அதனால் பார்த்தவர்கள் எல்லோரும் எரிபொருளையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரையே சந்தேகித்தார்கள். ஒரு கராஜில் அதைக் கழற்றிக் கழுவினார்கள், பயன் இல்லை. இன்னொரு கராஜில் பொறி தரும் பிளக்குகளையும், கொயிலுக்குப் போகும் மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பொயின்ற்றையும், பொயின்ற் கருகாமல் காக்கும் கொண்டென்சரையும் மாற்றினார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடிய பின் பழைய குறை திரும்பியது. அந்த ஒரு வாரம்தான் என்னைச் சிந்திக்க வைத்தது.

வீட்டு முற்றத்திலேயே எஞ்சினை நன்றாகச் சூடேற விட்டு, உதறல் தொடங்கியதும் காப்புறையுள்ள குறட்டினால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஒரு சிலிண்டரில் மட்டும் பழுது இருந்தால், அதன் வயரைக் கழற்றும்போது எஞ்சினின் சத்தம் மாறாது. இங்கே நான்கிலும் சத்தம் ஒரே அளவில் தாழ்ந்தது. ஆகவே பழுது நான்கு சிலிண்டர்களுக்கும் பொதுவான ஓரிடத்தில் இருக்க வேண்டும். எஞ்சின் நின்றவுடன் காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றி இக்னிஷனைப் போட்டபோது, காரின் பின்புறமில்லாமல் முன்புறமே பொருத்தப்பட்டிருக்கும் எஸ்யூ (SU) மின் எரிபொருள் பம்ப் டக் டக்கென்று அடித்துப் பெற்றோலைத் தாராளமாகத் தள்ளியது. அடுத்து, பற்றரியின் 12 வோல்ற்றைப் பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தமாக மாற்றும் கொயிலின் நடு வயரை எஞ்சின் இரும்பிலிருந்து ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் தள்ளிப் பிடித்து ஸ்ரார்ட்டரைச் சுற்றியபோதோ, நீலமாகப் பாய வேண்டிய பொறி மெலிந்து மஞ்சளாக வந்தது. கொயிலில் கைவைக்க முடியாத சூடு.

அந்த மின்னை நான்கு பிளக்குகளுக்கும் பகிரும் டிஸ்ரிபியூற்றரின் மூடியைத் திறந்தால், புதிதாகப் போட்ட பொயின்ற்றின் முகங்கள் கருகிக் குழிந்திருந்தன. கொண்டென்சர் பழுதானாலும் இப்படிக் கருகும் என்பதால் அதைத்தான் யாரும் முதலில் மாற்றுவார்கள். ஆனால் அது மாற்றப்பட்டு அதிக நாள் ஆகவில்லை. எனவே கொயிலின் இரு சிறு முனைகளிலிருந்தும் வயர்களை அகற்றி மல்ரிமீற்றரால் அளந்தேன்: 1.5 ஓம். பழைய பெட்டியில் ஐயா போட்டுவைத்திருந்த கழித்த கொயிலோ 3 ஓமுக்குச் சற்று மேல் காட்டியது.

அப்போதுதான் காரணம் விளங்கியது. 1.5 ஓம் கொயில், கொயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் பலாஸ்ற் ரெசிஸ்ரர் உள்ள வண்டிகளுக்கு உரியது. மைனரில் அந்த ரெசிஸ்ரர் கிடையாது. 12 வோல்ற் முழுவதும் நேரடியாகக் கொயிலுக்கு வருகிறது. 3 ஓமில் பொயின்ற் மூடியிருக்கும்போது 4 அம்பியர் அளவில் ஓட வேண்டிய மின்னோட்டம் இங்கே 8 அம்பியரை நெருங்கியிருக்கிறது. கொயில் வெந்தது, பொயின்ற் எரிந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டு கொயில்களும் ஒன்றுபோலவே இருப்பதால், விற்றவரையும் பூட்டியவரையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

3 ஓம் கொயிலைப் பூட்டி, பொயின்ற் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கும் பிளக் இடைவெளியை 0.025 அங்குலத்துக்கும் சரிசெய்தேன். மறுவாரம் அதே வெயிலில், அதே வீதியில், நிற்காமல் முல்லைத்தீவுக் கடற்கரை வரை போனோம். இறங்கியதும் பொனற்றைத் திறந்து கொயிலைத் தொட்டுப் பார்த்தேன். கையை எடுக்கத் தேவையில்லாத இளஞ்சூடுதான் இருந்தது.