அலுமாரிக் கதவு: மூலை பிளக்கிறது, பிணைச்சலும் ஒத்துவரவில்லை

விசுவமடு வாசி:
குசினி அலுமாரிக்கு வேப்பம் பலகையில் இரண்டு கதவுகள் செய்தேன். ஒவ்வொரு கதவுக்கும் நாலு சட்டங்களை மூலையில் 45 பாகை சரிவாக வெட்டிப் பொருத்தினேன். தை மாதம் மூலைப் பொருத்தில் நகம்கூட நுழையாது. இப்போது ஆவணி, உள்மூலையில் அடிமட்டத்தின் விளிம்பு போகிறது. மறைபிணைச்சலும் (கதவு பூட்டினால் வெளியே தெரியாத பிணைச்சல்) வம்பு செய்கிறது. கதவு அலுமாரிச் சட்டத்துக்குள் அடங்காமல் பக்கப்பலகையை மூடப் பார்க்கிறது.

மாங்குளத்து ஓடாவி:
தம்பி, வெட்டுப் பிழையென்றால் பூட்டிய அன்றே தெரிந்திருக்கும். மாரி ஈரம் காயுமுன் அறுத்திருக்கிறீர். மரம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. அதனால்தான் உள்பக்கம் வாய் திறக்கிறது. மழைக்கு ஊதினால் வெளிமுனை திறக்கும். பசையில் மரத்தூள் குழைத்து அடைத்தால் அடுத்த மாரியில் பிதுங்கும். எனக்கும் நடந்தது.

நெடுங்கேணியான்:
நீர் வாங்கியது நேர்கைப் பிணைச்சல், கை வளையாதது; பக்கப்பலகையை மூடும் கதவுக்கு உரியது. உள்ளே அடங்கும் கதவுக்குக் கை நன்றாக வளைந்தது வேண்டும். கதவில் பிணைச்சலின் கிண்ணம் இறங்கும் துளை இரண்டு வகைக்கும் 35 மில்லிமீற்றர்தான், புதிதாகத் துளைக்க வேண்டாம். வெட்டையும் ஒருமுறை பாரும்: ஒரு கதவின் நாலு மூலைக்கும் உள்ள எட்டு வெட்டிலும் ஒரே பக்கமாக அரைப் பாகை பிசகினால் கடைசி மூலையில் 4 பாகை.

விசுவமடு வாசி:
கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்றாரே! நாளைக்கு மாற்றக் கொண்டுபோகிறேன்.