கம்பளையில் சீராக ஓடிய மைனர், நுவரெலியாவில் கறுப்புப் புகை: காபரேட்டரா, மலையா?

மைனர்க்காரன் (நுவரெலியா):

எல்லோருக்கும் வணக்கம். கார் மொரிஸ் மைனர் 1000. எஞ்சின் 1098 சிசி, காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) ஒற்றை எஸ்.யூ. எச்.எஸ்.2. அப்பா தோட்டத்தில் கிளாக்கராக இருந்த காலத்தில் வாங்கியது. அவர் போன பிறகு கொட்டகையிலேயே கிடந்தது. பின் சீட்டில் கோழி அடைகாத்த கதையை அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பார். 2021இல் பிரிக்கத் தொடங்கினேன். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் க்யூஆர் காட்டி வாங்கிய பெற்றோல் பைக்குக்கே போதாமல் இருந்தபோது வேலை நின்றது. இப்போதுதான் முடியும் தறுவாயில் இருக்கிறது.

டிங்கரிங், பெயின்ட், எஞ்சின் மூன்றும் கம்பளையில் ஒரு மெக்கானிக் பாஸிடம் செய்தேன். காபரேட்டரை மட்டும் அடம்பிடித்து நானே வீட்டு மேசையில் பிரித்துக் கழுவி, கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய கிட்டைப் போட்டேன். புது ஜெட் (பெற்றோல் வரும் துளைக்குழாய்), புது நீடில் (அதற்குள் ஏறி இறங்கும் கூம்புக் கம்பி), புது வாஷர்கள். கம்பளையில் மூன்று வாரம் ஓட்டிப் பார்த்தோம். ஸ்லோவில் (அக்ஸிலேட்டர் மிதிக்காமல்) நிற்கும்போது பானட்டில் ஐந்து ரூபாய்க் குற்றியை நிமிர்த்தி வைக்கலாம், விழாது.

போன சனிக்கிழமை மத்தியானம் மேலே ஓட்டி வந்தேன். புசல்லாவை வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. ரம்பொடை தாண்டியதும் இழுவை கொஞ்சம் குறைந்தது. லபுக்கலைக்கு இரண்டாம் கியரிலேயே வந்தேன். ஆனால் புகையும் இல்லை, அணையவும் இல்லை. சந்தோஷமாக வீட்டில் நிறுத்தினேன்.

ஞாயிறு காலையிலிருந்துதான் தொல்லை. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஸ்லோவில் தடுமாறுகிறது. சைலன்சரில் கறுப்புப் புகை, வீடெல்லாம் பெற்றோல் மணம். ஏற்றத்தில் இழுக்காமல் மூச்சு முட்டுகிறது. சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு உடனே ஸ்டார்ட் செய்தால் எடுப்பதே இல்லை, கால் மணி நேரம் விட வேண்டும். ப்ளக் நான்கும் கரி பிடித்திருக்கின்றன.

ப்ளக்கைத் துடைத்தேன், பொயின்ட் இடைவெளியை 15 தவ்வுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் 15) வைத்தேன், டைமிங் பார்த்தேன், ஏர் ஃபில்டரைக் கழற்றியும் ஓட்டினேன். ஒன்றிலும் மாற்றமில்லை. சித்திரைக்குள் ரோட்டில் விட ஆசை. யாராவது வழி சொல்லுங்கள்.


பதுளையான்:

அண்ணே, இது மலையின் வேலை. கம்பளை 500 மீட்டர் அளவில் இருக்கிறது, நுவரெலியா 1868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிகிறது, ஆனால் ஜெட்டிலிருந்து வரும் பெற்றோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. அதனால் கலவை தானாகவே ரிச் ஆகும், அதாவது பெற்றோல் கூடும். இழுவை குறைந்ததும் அதனால்தான். உங்கள் எஞ்சின் புதிதில் 48 குதிரை. அதில் கொஞ்சம் ரம்பொடையிலேயே இறங்கிவிட்டிருக்கும்!

ஜெட்டுக்குக் கீழே உள்ள மிக்ஸ்சர் நட்டை, அதன் ஆறு பக்கத்தில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி மேலே ஏற்றுங்கள். மேலே போனால் பெற்றோல் குறையும். அப்படியும் சரிவராவிட்டால் நீடிலை மாற்ற வேண்டியிருக்கும். 1098 மைனருக்கு வழக்கமான நீடில் ஏ.என்., மெலிந்த கலவைக்கு ஈ.பி.


ஸ்பேனர்7:

எதற்கு இந்தப் பாடு? ஒரு பழைய ஜப்பான் காபரேட்டரை வாங்கி, அடாப்டர் பிளேட் அடித்துப் பூட்டுங்கள். என் மாமா அப்படித்தான் செய்தார். பத்து வருடமாக ஓடுகிறது.


மைனர்க்காரன்:

பதுளை அண்ணே, நன்றி. நட்டை முதலில் மூன்று பக்கம் ஏற்றினேன், பிறகு இன்னும் இரண்டு. மொத்தம் ஐந்து. எஞ்சினுக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை. அதே புகை, அதே தடுமாற்றம். நீடில் ஏ.என்.தான், கழுத்தில் முத்திரையைப் பார்த்தேன்.

ஸ்பேனர், உங்கள் மாமா நல்லா இருக்கட்டும். மூன்று வருடம் பாடுபட்டது அதே காரை அதே மாதிரி நிறுத்தத்தான். எஸ்.யூ. இல்லாத மைனரின் பானட்டை என்னால் திறந்து பார்க்க முடியாது.


ஓய்வு மெக்கானிக் (அட்டன்):

தம்பி, மலையைக் குறை சொல்ல வேண்டாம். இந்த மலையில் ஒரு காலத்தில் டாக்டர், துரை, கிளாக்கர், கடைக்காரர் எல்லோரிடமும் மைனர்தான். இதே எஸ்.யூ.வோடு மகாகஸ்தோட்டை ஏற்றத்தில் பந்தயமே ஓடியிருக்கிறார்கள். உயரத்தால் கலவை கொஞ்சம் ரிச் ஆவது உண்மை. ஆனால் நீங்கள் சொல்லும் கரியும் புகையும் அந்தக் கொஞ்சத்துக்கு அதிகம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்த எஞ்சினில் காபரேட்டரும் எக்ஸாஸ்ட் மனிஃபோல்டும் ஒரே பக்கம், மேலும் கீழுமாக. பெற்றோல் சொட்டினால் நேரே சூட்டில் விழும். தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் பானட்டைத் திறந்து சோதிக்க வேண்டாம். காய்ந்த மணல் ஒரு வாளியாவது இருக்கட்டும்.

இனி ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் காது கொடுங்கள். உள் தடுப்பில் இருக்கும் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்து, ப்ளோட் சேம்பர் (மிதவை உள்ள சின்னப் பெற்றோல் தொட்டி) நிறைந்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தால் ப்ளோட் வால்வு பிடிக்கவில்லை, அல்லது ப்ளோட்டுக்குள் பெற்றோல் புகுந்து பாரமாகிவிட்டது. சந்தேகம் என்றால் ப்ளோட்டைக் கழற்றி, பெற்றோல் இல்லாத இடத்தில் சுடுதண்ணீரில் அமிழ்த்துங்கள். ஓட்டை இருந்தால் குமிழ் வரும். ப்ளோட் மட்டத்துக்கு, சேம்பர் மூடியைக் கவிழ்த்துப் பிடித்து மூடிக்கும் ப்ளோட்டுக்கும் நடுவே 1/8 அங்குல ட்ரில் பிட்டை வையுங்கள். நைலான் ப்ளோட் என்றால் அது சொருகும் அளவுதான்.

அடுத்தது பிஸ்டன். எஞ்சின் பிஸ்டன் அல்ல, காபரேட்டருக்குள் ஏறி இறங்குவது. மேலே உள்ள டாம்பரை (பிஸ்டனின் வேகத்தைத் தணிக்கும் எண்ணெய்த் தண்டை) கழற்றிவிட்டு, விரலால் பிஸ்டனை முழுக்கத் தூக்கி விடுங்கள். தடையில்லாமல் விழுந்து 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீடில் ஜெட்டில் உரசுகிறது, ஜெட்டை மையப்படுத்த வேண்டும்.

அப்புறம் இரண்டு கேள்வி. பிஸ்டனை மூடியிருக்கும் மேல்மூடியின் உள்பக்கத்தை எமரி பேப்பர் போட்டுப் பளபளப்பாக்கினீர்களா? உண்மையைச் சொல்லுங்கள், திட்டமாட்டேன். அந்த மூடியும் பிஸ்டனும் ஜோடி. நடுவில் உள்ள மயிரிழை இடைவெளியில்தான் காபரேட்டரே வேலை செய்கிறது. இரண்டாவது, டாம்பருக்குள் என்ன எண்ணெய்?


மைனர்க்காரன்:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. இன்று லீவு போட்டுவிட்டு எல்லாம் செய்தேன்.

பம்ப் ஏழெட்டு முறை அடித்து நின்றது, பத்து நிமிடம் பார்த்தும் மறுபடி அடிக்கவில்லை. ப்ளோட்டைச் சுடுதண்ணீரில் போட்டேன், குமிழ் இல்லை. (அம்மாவின் தேநீர்ச் சட்டி அது. இனி புதுச் சட்டி வாங்கித் தர வேண்டும்.) ட்ரில் பிட் சரியாக நுழைகிறது. பிஸ்டன் 'டக்' என்று விழுகிறது.

மேல்மூடியின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் பாலிஷ் போட்டேன். உள்ளே பெற்றோல் நனைத்த துணியால் துடைத்ததோடு சரி. டாம்பரில் 20 நம்பர் எஞ்சின் ஒயில், தண்டுக்கு மேலே அரை அங்குலம்.

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கார் மட்டும் சரியில்லை.


பதுளையான்:

அப்படியானால் பெற்றோல் பைப் சூடாகி ஆவி அடைப்பதோ? சூட்டில் ஸ்டார்ட் எடுக்கவில்லை என்கிறாரே.


ஓய்வு மெக்கானிக் (அட்டன்):

ஆவி அடைத்தால் பெற்றோல் வராது, ப்ளக் வெளுத்திருக்கும். இங்கே கரி. சூட்டில் எடுக்காதது பெற்றோல் கூடி எஞ்சின் மூழ்குவதால். அடுத்த முறை அக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள், எடுத்துவிடும்.

தம்பி எழுதியதைத் திரும்ப வாசித்தேன். இரண்டு விஷயம் உறுத்துகிறது. நட்டை ஐந்து பக்கம் ஏற்றியும் எஞ்சினுக்குத் தெரியவில்லை. அப்படி நடக்கக்கூடாது, இரண்டு பக்கத்துக்கே சத்தம் மாறும். சனிக்கிழமை மலை ஏறி வந்தபோது புகை இல்லை, ஞாயிறு காலையில் வந்தது. மலைதான் காரணம் என்றால் சனிக்கிழமை லபுக்கலையிலேயே புகைந்திருக்கும்.

சனிக்கிழமை ராத்திரிக்கும் ஞாயிறு காலைக்கும் நடுவில் என்ன செய்தீர்கள்? நான் சொல்லட்டுமா? சோக்கை இழுத்தீர்கள்.


மைனர்க்காரன்:

ஆமாம் ஐயா. கைவிரல் விறைக்கிற குளிர், சோக் இல்லாமல் எடுக்கவில்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் முழுக்க உள்ளே தள்ளிவிட்டேன். டாஷ்போர்டில் குமிழ் உள்ளேதான் இருக்கிறது. கம்பளையில் மூன்று வாரத்தில் ஒரு நாளும் சோக் தேவைப்படவில்லை.


ஓய்வு மெக்கானிக் (அட்டன்):

குமிழ் உள்ளே போய்விட்டது. ஜெட் உள்ளே போனதா?

மற்றக் காபரேட்டரில் சோக் என்றால் காற்றை மறைக்கும் தகடு. எஸ்.யூ.வில் தகடு கிடையாது. சோக்கை இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கும். நீடில் கூம்பு வடிவம் என்பதால் ஜெட் இறங்க இறங்க இடைவெளி கூடிப் பெற்றோல் அதிகம் வரும். சோக்கைத் தள்ளினால் ஸ்பிரிங் ஜெட்டை மேலே இழுத்து மிக்ஸ்சர் நட்டில் உட்கார வைக்க வேண்டும். உட்காராமல் பாதியில் நின்றால் நீங்கள் நாள் முழுக்கச் சோக் இழுத்துக்கொண்டே ஓட்டுகிறீர்கள். நட்டை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை, ஜெட் நட்டைத் தொட்டால்தானே!

எஞ்சினை ஸ்லோவில் விட்டு, காபரேட்டருக்கு அடியில் கையை விட்டு ஜெட்டின் அடிப்பாகத்தை மேலே தள்ளுங்கள். எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, கை சுடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


மைனர்க்காரன்:

ஐயா!! தள்ளியதும் 'க்ளிக்' என்று ஏறியது. எஞ்சின் அதே நொடியில் தடுமாறி அணைந்தது. ஐந்து பக்கம் ஏற்றி வைத்திருந்தேன் இல்லையா, இப்போது பெற்றோல் போதவில்லை போலிருக்கிறது. சோக்கை இழுத்துத் தள்ளிப் பார்த்தேன். நட்டுக்கும் ஜெட்டுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும் அளவு இடைவெளி. ஏன் மேலே வரமாட்டேன் என்கிறது?


ஓய்வு மெக்கானிக் (அட்டன்):

ப்ளோட் சேம்பரிலிருந்து ஜெட்டுக்கு வரும் மெல்லிய நைலான் குழாயைப் பாருங்கள். புதுக் கிட்டில் அது விறைப்பாக இருக்கும். சேம்பர் பக்க நட்டை இறுக்கும்போது ஜெட்டைப் பிடித்துக்கொள்ளாமல் இறுக்கினால் குழாய் முறுகிவிடும். முறுகிய குழாய் ஜெட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும். முதல் முறை காபரேட்டர் பூட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன்.

எஞ்சின் ஆறிய பிறகு சேம்பர் பக்க நட்டைத் தளர்த்துங்கள். கொஞ்சம் பெற்றோல் வரும், துணி வையுங்கள். ஜெட்டை மேலே உட்காரவிட்டு, குழாய் தன் பாட்டில் வளைந்து நிற்கும்படி வைத்து, மெதுவாக இறுக்குங்கள். ஜெட்டின் வெளிப்பக்கத்தில் ஒரு துளி எண்ணெய். சோக் கேபிளில் 1/16 அங்குலம் சும்மா ஆடும் நெகிழ்வு இருக்க வேண்டும், விறைப்பாகக் கட்டினாலும் இதே கோளாறு வரும். பிஸ்டன் 'டக்' சத்தத்தை ஜெட் மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் கேளுங்கள். இரண்டும் ஒரே மாதிரி என்றால் மையம் கெடவில்லை.

பிறகு கலவை. எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். காபரேட்டர் பக்கத்தில் பிஸ்டனைத் தூக்கும் சின்ன ஊசி இருக்கும். அதை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, மெல்லத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நீடித்தால் ரிச். அணையப் பார்த்தால் மெலிவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் அதுதான் சரி. ஒரு முறைக்கு நட்டின் ஒரு பக்கம் மட்டும் திருப்புங்கள்.


மைனர்க்காரன்:

நேற்று மாலை குழாயைச் சரிசெய்தேன். நட்டைத் தளர்த்தியதும் அது அரைச் சுற்று தானாகவே திரும்பிக்கொண்டது. அவ்வளவு முறுகல்.

இன்று காலை மறுபடி குளிர். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தேன், தள்ளினேன், அடியில் கைவைத்துப் பார்த்தேன். ஜெட் நட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஊசியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, ஐந்து பக்கத்தில் மூன்றைத் திரும்ப இறக்கினேன். கம்பளையில் இருந்ததை விட இப்போது இரண்டு பக்கம் மேலே நிற்கிறது. ஆகவே பதுளை அண்ணனின் மலைக்கு இரண்டு பக்கம், மிச்சமெல்லாம் என் குழாய்க்கு.

ஹக்கலை வரை போய் வந்தேன். புகை இல்லை. திரும்பும் ஏற்றத்தில் மூன்றாம் கியரிலேயே வந்தது. ப்ளக் கழற்றிப் பார்த்தேன், பழுப்பு நிறம். சூட்டோடு நிறுத்தி உடனே சாவியைத் திருப்பினாலும் எடுக்கிறது.


பதுளையான்:

இரண்டு பக்கமாவது கிடைத்ததே, சந்தோஷம் அண்ணே. அப்படியானால் ஈ.பி. நீடில் தேவையில்லை. கம்பளைக்கு இறங்கும்போது மெலிவாகத் தெரிந்தால் ஒரு பக்கம் இறக்கிக்கொள்ளுங்கள்.


ஓய்வு மெக்கானிக் (அட்டன்):

நல்லது தம்பி. கேபிளில் நெகிழ்வு விட்டீர்களா?


மைனர்க்காரன்:

விட்டேன் ஐயா. அம்மாவுக்குச் சட்டியும் வாங்கிவிட்டேன்.