தண்டர்பேர்டில் மெயில் வருகிறது, அனுப்பத்தான் முடியவில்லை

கும்பகோணம்_டிடிபி:
வணக்கம். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வேலை செய்யும் சின்ன டிடிபி கடை எங்களுடையது. கடையின் ஜிமெயில் கணக்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் என்ற மெயில் புரோகிராம் வழியாகப் பார்க்கிறோம். போன வாரம் வரை ஒழுங்காக ஓடியது. இப்போதும் மெயில் வருகிறது. பதில் எழுதி 'செண்ட்' கொடுத்தால் மட்டும் போகமாட்டேன் என்கிறது. லாகின் ஃபெயில் என்று ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்ட் கேட்கிறது. சரியாகத்தான் அடிக்கிறேன், அதே பாஸ்வேர்டில் பிரவுசரில் ஜிமெயில் திறக்கிறது. முகூர்த்த மாதம், புரூஃப் போய்ச் சேர்ந்து வீட்டார் சரி சொன்னால்தான் அச்சுக்குக் கொடுக்க முடியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடுகிறது, பெரியவர்கள் பெயரில் இருக்கும் எழுத்துப்பிழை கண்ணுக்குத் தெரிவதில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

மலைக்கோட்டை:
கூகுள் கணக்கில் செக்யூரிட்டி பக்கம் போய் 'லெஸ் செக்யூர் ஆப்ஸ்' என்பதை ஆன் செய்யுங்கள் சார். எங்கள் ஆபீசில் அப்படிச் செய்ததும் சரியானது.

காரைக்குடி_கணினி:
மலைக்கோட்டை சொல்வது, வெறும் பாஸ்வேர்டோடு வரும் புரோகிராம்களையும் உள்ளே விடும் பழைய வழி. தனிநபர் கணக்குகளுக்கு அந்த வசதியை 2022 மே 30 முதல் கூகுள் எடுத்துவிட்டது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இணையத்தில் பழைய குறிப்புகள் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருப்பதால் பலர் அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

கும்பகோணத்தாரே, பிழைச் செய்தியில் எண் ஏதாவது இருந்தால் அப்படியே எழுதுங்கள். அண்மையில் பாஸ்வேர்ட் மாற்றினீர்களா என்பதும் தெரிய வேண்டும்.

பொன்னி:
ஆன்டிவைரஸை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு அனுப்பிப் பாருங்களேன். மெயில் வெளியே போகும் வழியான போர்ட் அடைபட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

கும்பகோணம்_டிடிபி:
ஆன்டிவைரஸை நிறுத்தியும் அதேதான் பொன்னி. பிழையில் 535, அடுத்து 5.7.8 என்று இருக்கிறது. யூசர்நேம், பாஸ்வேர்ட் ஏற்கப்படவில்லை என்ற பொருளில் ஒரு வரியும் வருகிறது.

பாஸ்வேர்ட் மாற்றினோம், உண்மை. கடையில் இருந்த தம்பி வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார், அதனால் மாற்றினோம். மாற்றியவுடன் தண்டர்பேர்டுக்குள் கூகுள் ஜன்னல் ஒன்று திறந்தது. புதியதைக் கொடுத்தேன், மெயில் வரத் தொடங்கிவிட்டது. முதலில் இதை எல்லாம் அமைத்துக் கொடுத்தவரும் அந்தத் தம்பிதான்.

காரைக்குடி_கணினி:
இப்போது விளங்குகிறது.

535 வருகிறது என்றால் உங்கள் கம்ப்யூட்டர் கூகுளின் சர்வர் வரை போய்ப் பேசிவிட்டது, அங்கே ஆளை அடையாளம் காண மறுக்கிறார்கள் என்று பொருள். போர்ட் அடைபட்டிருந்தால் அந்த எண்ணே வராது. வெகுநேரம் சுற்றிவிட்டு 'டைம் அவுட்' ஆகும். ஆகவே ஆன்டிவைரஸையும் ரவுட்டரையும் விட்டுவிடலாம்.

தண்டர்பேர்டில் மெயில் வாங்கும் சர்வரும் அனுப்பும் சர்வரும் தனித்தனி. வாங்குவது ஐமேப், அனுப்புவது எஸ்எம்டிபி. இரண்டுக்கும் அமைப்புகள் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன, ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது. உங்கள் ஐமேப் 'ஓஆத்2' முறையில் இருக்கிறது, அதாவது பாஸ்வேர்டைத் தண்டர்பேர்டிடம் கொடுக்காமல் கூகுள் பக்கத்திலேயே நுழைந்து அனுமதி கொடுக்கும் முறை. அதனால்தான் கூகுள் ஜன்னல் திறந்தது. எஸ்எம்டிபி பெரும்பாலும் 'நார்மல் பாஸ்வேர்ட்' என்று இருக்கும். அந்தத் தம்பி அதில் 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்ட்' ஒன்றை, அதாவது ஒரு புரோகிராமுக்கென்று கூகுள் தனியாகத் தரும் பாஸ்வேர்டை, போட்டு வைத்திருப்பார். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும். அந்த இடத்தில் கணக்கின் சொந்தப் பாஸ்வேர்டை எத்தனை முறை அடித்தாலும் ஏறாது.

செய்ய வேண்டியது: அக்கவுண்ட் செட்டிங்ஸ் திறங்கள். இடப்பக்கப் பட்டியலில் கணக்குகளுக்கெல்லாம் கீழே 'அவுட்கோயிங் சர்வர்' இருக்கும். பலர் கணக்கின் பெயருக்கு உள்ளேயே தேடிவிட்டு இல்லை என்பார்கள். அடிவரை இறங்கிப் பாருங்கள். ஜிமெயில் வரியைத் தேர்ந்து 'எடிட்' கொடுங்கள். பாதுகாப்பு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், போர்ட் 465. ஸ்டார்ட்டிஎல்எஸ், 587 என்று ஏற்கெனவே இருந்தால் அதுவும் சரிதான், தொட வேண்டாம். ஆதென்டிகேஷன் மெத்தடை 'ஓஆத்2' ஆக்குங்கள். யூசர்நேமில் முழு மெயில் முகவரி இருக்க வேண்டும். ஓகே கொடுத்துவிட்டு உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிப் பாருங்கள். கூகுள் ஜன்னல் வந்தால் நுழைந்து அனுமதி கொடுங்கள்.

மலைக்கோட்டை:
புது ஆப் பாஸ்வேர்ட் எடுத்துப் போட்டாலும் வேலை செய்யுமே அண்ணா?

காரைக்குடி_கணினி:
செய்யும் தம்பி. இரண்டு கட்டச் சரிபார்ப்பு ஆனில் இருந்தால் எடுக்கலாம். ஓஆத்2 தெரியாத பழைய புரோகிராம், ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் மிஷின் போன்றவற்றுக்கு அதுதான் வழி. தண்டர்பேர்டுக்கு ஓஆத்2 தெரியும்போது 16 எழுத்தை எழுதிவைத்துக் காப்பானேன்? கடை என்றால் நாலு பேர் உட்காரும் கம்ப்யூட்டர். அதில் பாஸ்வேர்ட் எதுவும் சேமிக்காமல் இருப்பதே நல்லது.

கும்பகோணம்_டிடிபி:
நீங்கள் சொன்னபடியே அங்கே 'நார்மல் பாஸ்வேர்ட்' என்றுதான் இருந்தது. மாற்றிவிட்டேன். ஆனால் கூகுள் ஜன்னல் வெள்ளையாகத் திறந்து மூடிக்கொள்கிறது, மெயில் போகவில்லை.

பொன்னி:
இது எனக்குத் தெரியும்! செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போங்கள். குக்கீகளை (இணையதளங்கள் நம் கம்ப்யூட்டரில் வைக்கும் சின்னக் குறிப்புகளை) ஏற்பதற்கு ஒரு டிக் இருக்கும். அது எடுக்கப்பட்டிருந்தால் கூகுள் நுழைவு நடக்காது. பிரவுசரில் இல்லை, தண்டர்பேர்டிலேயே பாருங்கள். அதே பக்கத்தில் 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்' திறந்து எஸ்எம்டிபி என்று தொடங்கும் பழைய வரியையும் அழித்துவிடுங்கள். பிறகு தண்டர்பேர்டை மூடித் திறங்கள்.

கும்பகோணம்_டிடிபி:
போய்விட்டது! குக்கீ டிக்தான் இல்லாமல் இருந்தது. தேங்கி நின்ற புரூஃப் எல்லாம் அனுப்பிவிட்டேன். காரைக்குடி அண்ணன், பொன்னி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் ஒன்று: வீட்டு லேப்டாப்பிலும் இதே கணக்கைப் போட வேண்டும். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

காரைக்குடி_கணினி:
மகிழ்ச்சி. லேப்டாப்பில் பெயரும் முகவரியும் கொடுத்தால் மீதியைத் தண்டர்பேர்டே கண்டுபிடிக்கும். ஐமேப், பாப் என்று இரண்டு காட்டினால் ஐமேப்பை எடுங்கள். பாப் என்றால் வந்த மெயிலை இறக்கிக்கொள்வதோடு சரி. வீட்டில் எதைப் படித்தீர்கள் என்பது கடைக் கம்ப்யூட்டரில் தெரியாது.

உங்களுக்கு வரும் மெயில்களில் பெரிய படங்களும் பிடிஎஃப்களும் இருக்கும். அதனால் அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' போய், அண்மை நாட்களின் மெயிலை மட்டும் லேப்டாப்பில் வைத்துக்கொள்ளும்படி அமைத்துவிடுங்கள். பழையவை சர்வரில் இருக்கும், திறக்கும்போது வரும். ஜிமெயிலை பிரவுசரில் திறந்து லேபிள்கள் பகுதியில் 'ஆல் மெயில்' எதிரே உள்ள 'ஷோ இன் ஐமேப்' டிக்கையும் எடுத்துவிடலாம். இல்லையென்றால் இன்பாக்ஸில் இருப்பதே அங்கேயும் ஒருமுறை இறங்கி இடத்தை அடைக்கும்.

ஒரு புரூஃபும் 25 எம்பிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஜிமெயிலில் இணைப்புக்கு அதுதான் எல்லை. அச்சுக்கான ஃபைல் பெரிதாக இருந்தால் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள்.