துண்டுத்துணி மூட்டையை என்ன செய்வது?

சுதா: மல்லிகா அத்தை, தைத்து மிஞ்சிய துணி இரண்டு பை நிறைய சேர்ந்துவிட்டது. தூக்கிப்போட மனசு வரவில்லை. ஒட்டுப்போர்வை தைக்கலாமென்றால் ஒரு துண்டும் இன்னொன்றோடு அளவு ஒத்து வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது?

கவிதா: நிறம் நிறமாகப் பிரித்து வைத்தால் சுலபமாக இருக்குமா அத்தை?

மல்லிகா அத்தை: நிறம் அப்புறம் கவிதா. முதலில் துணி வகை. இழுத்தால் நீளுகிற பனியன் துணி தனி, பருத்தி தனி, பிசிறு விடுகிற பட்டும் சாட்டினும் தனி. கலந்து தைத்தால் துவைத்ததும் ஒன்று சுருங்கும், ஒன்று தொங்கும். போர்வைக்குப் பருத்தியை மட்டும் எடுங்கள்.

மல்லிகா அத்தை: அடுத்தது அகலம். ஒவ்வொரு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள் போய்விடும். ஒரு இன்ச் பட்டை தைத்தபின் அரை இன்ச்தான் தெரியும். ஒரு இன்ச்சுக்கும் குறைந்ததைப் போர்வைக்கு எடுக்காதீர்கள்.

சுதா: சரி அத்தை. ஆனால் கைக்குழி வெட்டியதில் மிஞ்சியதெல்லாம் கோணல்மாணல். கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, இருப்பதால் மெஷினில் வைத்ததும் நீண்டுவிடுகிறது.

மல்லிகா அத்தை: அதற்குத்தான் அடித்துணி. பழைய பருத்திப் படுக்கை விரிப்பை எட்டரை இன்ச் சதுரங்களாக வெட்டிக்கொள். ஒரு பட்டையை நல்ல பக்கம் மேலே தெரிய, மூலைக்கு மூலை வை. அதன்மேல் இன்னொன்றைக் குப்புறப் போட்டு, ஓரம் சேர்த்து, அடித்துணியோடு சேர்த்தே தை. திருப்பி இஸ்திரி போடு. இப்படியே இரண்டு மூலையும் மூடும்வரை போ. பிறகு சதுரத்தைக் கவிழ்த்து, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அடித்துணி அளவுக்கு நறுக்கிவிடு. அடித்துணி பிடித்துக்கொள்வதால் கிராஸ் துண்டும் அவ்வளவாக இழுபடாது.

கவிதா: ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி போட வேண்டுமா?

மல்லிகா அத்தை: கட்டாயம் போட வேண்டும். மடிப்பு படியாவிட்டால் அடுத்த பட்டை கோணும், துணி சுருக்கம் வைக்கும். போர்வை நேர்த்தியாக வருவதில் பாதி வேலை இஸ்திரிப் பெட்டியுடையது.

மல்லிகா அத்தை: நாலு சதுரத்தைச் சேர்க்கும்போது பட்டைகள் எதிரெதிரே சாயும்படி வையுங்கள், நடுவில் வைர வடிவம் தானாக வரும். எத்தனை நிறம் கலந்தாலும் கண்ணுக்கு ஓர் ஒழுங்கு கிடைத்துவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

சுதா: எத்தனை சதுரம் வேண்டும்?

மல்லிகா அத்தை: ஒவ்வொன்றும் தைத்தபின் எட்டு இன்ச் வரும். ஆறு வரிசை அகலம், எட்டு வரிசை நீளம் என்றால் 48 சதுரம். 48-க்கு 64 இன்ச், ஒருவர் போர்த்திக்கொள்ளப் போதும்.

ரவி சித்தப்பா: சிவப்பு, கருநீலம் சாயம் போகுமே அண்ணி?

மல்லிகா அத்தை: நல்ல கேள்வி. தைக்கும் முன்பே வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை பிடித்தால், அது நிற்கும்வரை அலசுங்கள். நிற்காததை ஒதுக்கிவிடுங்கள், ஒரு துண்டு போதும், போர்வை முழுவதும் கெட்டுப்போக.

கவிதா: மிகச் சின்னத் துணுக்குகளைத் தலையணைக்குள் அடைக்கலாமா?

மல்லிகா அத்தை: வேண்டாம். துணித்துணுக்கு கனமானது, கட்டி கட்டியாகச் சேர்ந்து கழுத்தை வலிக்க வைக்கும். கதவு அடித்துக்கொள்ளாமல் நிறுத்தும் முட்டுக்கு அடையுங்கள், அங்கே கனம்தான் வேண்டும். குண்டூசி குத்தி வைக்கும் சின்ன மெத்தைக்கும் நல்லது.

சுதா: நாளைக்கே விரிப்பை வெட்டுகிறேன் அத்தை. முதல் சதுரம் முடிந்ததும் படம் போடுகிறேன்.

மல்லிகா அத்தை: பின்பக்கத்தையும் எடுத்துப் போடு சுதா. தையல் எங்கே இழுக்கிறது என்று அதில்தான் தெரியும்.